மூக்கில் கொஞ்சம் ஈயம்

பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத நீளமான அறையில் உட்கார்ந்து, அடுத்தவர் வாய்க்குப் பல் செய்து கொடுக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் பைலட் என்றே கூப்பிட்டார்கள். டாக்டர் கூப்பிடுவார், நர்ஸ் கூப்பிடுவார். பல் செட்டுக்கு அளவு கொடுக்க வந்த கிழவர்கூட இரண்டாம் தடவை வரும்போது "பைலட் சார் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார். இப்படி ஒரு பெயர் கிடைத்தால் எவரும் நெஞ்சை நிமிர்த்துவார்கள். இவரோ ஒவ்வொரு முறையும் தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டார். காரணம் எளிது. பிறந்ததிலிருந்து அவர் விமானத்தில் ஏறியதில்லை. ஏற விருப்பமும் இல்லை. விருப்பமில்லை என்பது கௌரவமாகச் சொல்வது. பயம் என்பதுதான் உண்மை.

பெயர் வந்தது வீட்டு அலமாரியால். மூன்றாவது மாடியில் வீடு, கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. மற்றவர்கள் வீட்டில் அங்கே பீங்கான் கோப்பைகள் இருக்கும். இவர் வீட்டில் போர் விமானங்கள். எல்லாம் பிளாஸ்டிக், எல்லாம் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதாவது நிஜ விமானம் எழுபத்திரண்டு அடி நீளம் என்றால் இவர் அலமாரியில் ஓரடி. போர் விமானமாகக் கட்டித் தள்ளுகிறவர் முறுக்கு மீசையும் முரட்டுக் குரலுமாக இருப்பார் என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். பைலட் ஒல்லி. கரப்பான் பூச்சி குறுக்கே வந்தால் அது போகட்டும் என்று ஒதுங்கி நிற்கிற ஜாதி.

விமானப் பெட்டியை வாங்கித் திறந்தால் உள்ளே விமானம் இருக்காது. சிறகு, சக்கரம், விசிறி, நாற்காலி என்று ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் சட்டத்தில் கொடியில் காய் போலத் தொங்கிக்கொண்டிருக்கும். அதை நறுக்கி, அரம் போட்டு, பசை தொட்டு ஒட்ட வேண்டும். உடம்பு எப்போதும் இடது பாதி, வலது பாதி என்று இரண்டாகவே வரும். சேர்த்தால் நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு இருந்த இடம் தெரியாமல் தேய்ப்பதில்தான் கட்டுகிறவரின் மானம் இருக்கிறது. அதற்குப் பிறகு பெயின்ட், மேலே காய்ந்த இலையின் பச்சை, அடியில் சாம்பல். பிறகு தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் எண்களும் சின்னங்களும். பகலெல்லாம் பல்லைத் தேய்த்துவிட்டு வந்து, சாயங்காலம் கண்ணாடி போட்டு மூடிய பால்கனியில் உட்கார்ந்து விமானத்தைத் தேய்ப்பார். ஆஸ்பத்திரி முகமூடிதான் பெயின்ட் அடிக்கவும். "உனக்கு வேலைக்கும் விளையாட்டுக்கும் வித்தியாசமே இல்லையா?" என்று டாக்டர் ஒருநாள் கேட்டதற்கு, "விமானம் வலிக்குதுன்னு திரும்பி வராது சார்" என்றார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சில விமானங்களுக்கு மூக்குக்கு அடியில் ஒரு சக்கரம் இருக்கும். நிஜ விமானத்துக்கு மூக்கில் துப்பாக்கியும் இரும்புமாகக் கனம் இருக்கிறது, ஒழுங்காக நிற்கும். பிளாஸ்டிக் விமானத்தின் மூக்கில் என்ன இருக்கிறது, காற்றுதான். சக்கரத்தில் நிறுத்தினால் மூக்கை ஆகாயத்துக்குத் தூக்கி, வாலைத் தரையில் வைத்து, நாய் மாதிரி உட்கார்ந்துவிடும். ஆகவே இரண்டு பாதியையும் ஒட்டி மூடுவதற்கு முன் மூக்குக்குள் கொஞ்சம் ஈயம் வைக்க வேண்டும். மூடிய பிறகு ஞாபகம் வந்து புண்ணியமில்லை. பைலட் தூண்டில் கடையில் விற்கும் குட்டி ஈயக்குண்டுகளை வாங்கி ஒரு டப்பாவில் வைத்திருந்தார். தேவையானதை ஒரு பாட்டில் மூடியில் எடுத்துப் போட்டு, டேப்பால் உடம்பைச் சுற்றி நிறுத்திப் பார்த்து, அப்புறம்தான் பசையைத் தொடுவார். இத்தனை வருஷத்தில் அவர் ஈயத்தை மறந்ததே கிடையாது.

அவர் மனைவி அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். தெருவுக்கே அவள் பார்லர் அக்கா. நல்ல வாட்டசாட்டமான உடம்பு, அதைவிட வாட்டசாட்டமான சிரிப்பு. மாடியில் இருக்கும் கணவருக்குக் கேட்கட்டும் என்றே கீழே சிரிப்பாளோ என்று தோன்றும். "வாய்க்கு உள்ளே இருக்கறது அவர் பொறுப்பு, வெளியே இருக்கறது என் பொறுப்பு" என்று வாடிக்கைக்காரிகளிடம் சொல்வாள். பார்லரில் நகம் தேய்க்கும் பட்டைகள் மாதாமாதம் காணாமல் போகும், எங்கே போகின்றன என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை அவள் சேலை முந்தானையில் ஒட்டிக்கொண்டு போன ஒரு விசிறி இறக்கை, கீழே ஒரு பெண்ணின் தலைமுடிக்குள் விழுந்து, அலசும்போது தொட்டியில் மிதந்தது. "பயப்படாதீங்க, எங்க வீட்டு ப்ளேன் ஒண்ணு உங்க தலையில இறங்கிடுச்சு" என்று சொல்லி அதை எடுத்து மேலே கொடுத்தனுப்பினாள். பைலட் அதைத் தேடி அன்று காலையிலிருந்து முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தார்.

இவர்களுக்கு ஒரே மகள். பள்ளிக்கூட வயதில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, விமானத்துக்குள் உட்காரப்போகும் அரை விரல் உயர மனிதர்களுக்கு முகம் வரைவது அவள் வேலை. எல்லோருக்கும் சிரிப்பு வைத்துவிடுவாள். சண்டைக்குப் போகிறவன் சிரித்துக்கொண்டா போவான் என்று பைலட் ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் அவர் அலமாரியில் இருந்த விமானிகள் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி, கடல் தாண்டிப் போனாள். அவள் போன பிறகு கட்டிய விமானங்களில் நாற்காலி காலியாக இருந்தது. கேட்டால், "அது நிறுத்தி வெச்சிருக்கற ப்ளேன்" என்பார்.

சரி, இத்தனை விமானம் கட்டியவருக்கு ஏன் பயம்? கட்டியதால்தான். அவரைப் பொறுத்தவரை எந்த விமானமும் இரண்டு பாதி, நடுவில் ஒரு கோடு. நிஜ விமானம் பசையில் நிற்பதில்லை என்பது அவர் மூளைக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது. தலைக்கு மேலே ஒரு விமானம் போனால் எந்த ரகம் என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அதற்குள் உட்கார்வதை நினைத்துவிட்டால், வீட்டுக்குள் வந்து ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

இந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. ஏனென்றால் பார்லர் அக்காவுக்குக் காது சரியில்லை. கல்யாணமான புதிதில் அவளுடைய சொந்த அக்கா, இருவருக்கும் விமான டிக்கெட் அனுப்பியிருந்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் பைலட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று சாயங்காலமே அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டரிடம் போவதாகக் கிளம்பிப் போய்த் திரும்பி வந்து, "உள்ள சவ்வு வீக்காம். ப்ளேன்ல ஏறவே கூடாதுன்னுட்டார்" என்றாள். பைலட் வெந்நீர்ப் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பிறகு ரயிலில் போனார்கள்.

அதிலிருந்து எங்கே போனாலும் ரயில், இல்லாவிட்டால் பஸ். அவள் காதுக்கு வைக்கச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பஞ்சுச் சுருள் வைத்திருப்பார். ஒரு பயணத்தில் இடது காதில் பஞ்சு இருக்கும், இன்னொரு பயணத்தில் வலது காதில். சிறகில் ஒரு ஆணித் தலை குறைந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் கண்டுபிடிக்கிற மனிதர், இதைக் கவனித்ததே இல்லை. தலைக்கு மேல் ஒரு கூரை கிடைத்துவிட்டால் அதில் ஓட்டை இருக்கிறதா என்று யார் தேடுகிறார்கள்?

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒருநாள் மகள் போனில் முகம் காட்டினாள். குழந்தை பிறக்கப்போகிறது, டாக்டர் தேதி சொல்லிவிட்டார்.

"அம்மா காது எப்படி இருக்குப்பா? ரெண்டு பேரும் வந்தா நல்லா இருக்கும். அம்மாவால முடியலன்னா நீங்க மட்டுமாவது வாங்கப்பா. எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு."

பைலட் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அம்மா இல்லாமல் தனியாக, அதுவும் விமானத்தில். "அம்மாவை இந்தக் காதோட தனியா விட்டுட்டு எப்படிம்மா வர்றது?" என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தன்மேல் அவருக்கே வெறுப்பாக இருந்தது.

"சரிப்பா, பரவாயில்ல" என்றாள் மகள். அவள் முகம் வாடிப்போனது சின்னத் திரையிலும் தெரிந்தது. பார்லர் அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் பேசாமல் எழுந்துபோவது அந்த வீட்டில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

அந்த நாட்களில் அவர் கட்டிக்கொண்டிருந்தது லைட்னிங் என்ற இரட்டை வால் விமானம். இரண்டு எஞ்சின், இரண்டு வால், நடுவில் விமானிக்குத் தனியாக ஒரு சின்ன உடம்பு, மூக்குக்கு அடியில் சக்கரம். பிள்ளை பிறந்ததும் மகளுக்குப் பார்சலில் அனுப்பலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. போக முடியாத அப்பா விமானத்தையாவது அனுப்பட்டும். ஒரு சாயங்காலம் நடு உடம்பை மூடத் தயாராக உட்கார்ந்திருந்தார். பாட்டில் மூடியில் ஈயக்குண்டுகள் எடுத்து வைத்தாயிற்று, பசையின் தூரிகை கையில் இருந்தது. அப்போது பார்லர் அக்கா உள்ளே வந்தாள். காது டாக்டரிடம் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் கையில் புத்தம் புதிய சூட்கேஸ் ஒன்று இருந்தது.

"ஏங்க, டாக்டர் பார்த்துட்டார். காது நல்லா ஆயிடுச்சாம். தாராளமா ப்ளேன்ல போகலாம்னு சொல்லிட்டார்."

பைலட்டுக்குத் திருடனைத் தேள் கொட்டின கதை. வாய்விட்டுக் கத்தவும் முடியாது. "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றார். சொல்லிக்கொண்டே கை பசையைத் தடவியது, இரண்டு பாதியையும் சேர்த்தது, அழுத்திப் பிடித்தது. மனைவி ஸ்வெட்டர் பற்றியும் பேரக் குழந்தைக்குச் சட்டை பற்றியும் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, கோடு சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். காது டாக்டரிடம் போனவள் சூட்கேஸோடு ஏன் வந்தாள் என்றும் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு சாக்குப்போக்குகளின் காலம். டிக்கெட் போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மச்சான், பார்லர் அக்காவின் தம்பி, எள் என்றால் எண்ணெயாக வந்து நின்றான்.

"அத்தான், தேதி சொல்லுங்க. நல்ல சீட்டாப் பிடிச்சுத் தர்றேன்."

"ஆஸ்பத்திரியில ஒரு பெரியவருக்கு மேல் செட்டு பாதியில நிக்குது மச்சான்."

"கீழ் செட்டை வெச்சுச் சமாளிக்கட்டும். டாக்டர்கிட்ட நான் பேசிட்டேன், லீவு தர்றேன்னுட்டார்."

"வீட்டைப் பூட்டிட்டுப் போனா தொட்டிச்செடி எல்லாம் காஞ்சுடுமே."

"உங்க வீட்டுல இருக்கறது பிளாஸ்டிக் செடி, அத்தான்."

பைலட் திரும்பிப் பார்த்தார். ஆமாம், பிளாஸ்டிக் செடிதான். "அதில்ல மச்சான். இந்த லைட்னிங் முடியட்டும். பாதியில விட்டுட்டுப் போனா மனசு கேக்காது."

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா, "முடிக்கட்டும்டா, அவசரப்படுத்தாத" என்றாள். பைலட்டுக்கு அப்பாடா என்றிருந்தது. அதன்பின் லைட்னிங்குக்குக் கிடைத்த கவனிப்பு ராஜ குடும்பத்துக்குக்கூடக் கிடைக்காது. ஒருமுறை அடித்த பச்சையைப் பிடிக்கவில்லை என்று தேய்த்து எடுத்து மறுபடி அடித்தார். காய வேண்டும், காய வேண்டும் என்று நாளைக் கடத்தினார். ஆனால் பிரசவத் தேதி பெயின்ட் காய்வதற்காகக் காத்திருக்காது. மகளும் அதற்கப்புறம் வாங்கப்பா என்று கேட்கவில்லை. கேட்காததுதான் அவரை அதிகம் குடைந்தது. பாலிஷ் போடும்போது ஒரு பல் செட்டைக் கீழே போட்டார். அவர் கையிலிருந்து எதுவும் விழுந்து ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செய்வதற்கு வேறு எதுவும் மிச்சமில்லாமல் லைட்னிங் முடிந்தேவிட்டது. கடைசியாக ஒட்டிய சக்கரங்களும் காய்ந்துவிட்டன. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, விமானத்தை மெதுவாக அதன் மூன்று கால்களில் நிறுத்திக் கையை எடுத்தார்.

லைட்னிங் ஒரு கணம் யோசித்தது. பிறகு மூக்கை மெல்லத் தூக்கி, இரண்டு வாலையும் மேஜையில் வைத்து உட்கார்ந்துகொண்டது.

பைலட் மூக்கை விரலால் அழுத்தினார். விரலை எடுத்ததும் மறுபடி தூக்கியது. இன்னொரு முறை அழுத்தினார். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து டீயோடு வந்தாள் பார்லர் அக்கா.

"சக்கரம் சரியா ஒட்டல போலிருக்கு" என்றார் அவசரமாக.

அவள் டீயை வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையைத் துழாவி ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பாட்டில் மூடியும் ஈயக்குண்டுகளும் இருந்தன.

"இதையா தேடுறீங்க?"

பைலட் மூடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது எங்க இருந்துச்சு?"

"மேஜையிலதான். நான் சூட்கேஸ் வாங்கிட்டு வந்த அன்னிக்கு. துடைக்கறப்போ எடுத்தேன்."

"அப்பவே சொல்லியிருந்தா பிரிச்சிருப்பேனே. பசை காயறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் என்ன சொல்லணும்?"

அவள் ஈயக்குண்டுகளை மூடிக்குள் விரலால் உருட்டினாள். கீழே தெருவில் யாரோ கதவுச் சட்டரை ஏற்றும் சத்தம் கேட்டது. பைலட் லைட்னிங்கைப் பார்த்தபடியே இருந்தார். மறைத்து மறைத்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது.

"எனக்கு ப்ளேன்னா பயம்" என்றார்.

"தெரியும்."

"எப்பலேருந்து தெரியும்?"

"முதல் தடவை காது வலிக்குதுன்னு சொன்னேன் பாருங்க, அன்னிக்கே. பொண்டாட்டிக்குக் காது வலின்னா புருஷன் முகம் வாடும். வெந்நீர்ப் பையோட ஓடி வந்தப்போ உங்க முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு."

பைலட் எழுந்து அவள் காதை உற்றுப் பார்த்தார். "அப்ப உன் காது?"

"என் காதுக்கு என்ன கேடு? அடுத்த தெருவுல ரகசியம் பேசினாலும் கேக்கும்."

"டாக்டர் சொன்னாருன்னியே."

"எந்த டாக்டர்? அப்பவும் போகல, இப்பவும் போகல. இந்தத் தடவை நேரா சூட்கேஸ் கடைக்குப் போனேன். கல்யாணமான புதுசுல அன்னிக்கு சாப்பாடே இறங்காம சுத்திக்கிட்டு இருந்தீங்க, கேட்டா ஒண்ணுமில்லைன்னீங்க. சரி, சொல்ல வெக்கப்படறார், நம்ம காது எதுக்கு இருக்குன்னு எடுத்து முன்னாடி வெச்சேன். ஊருக்கே காது குத்தியாச்சு, உங்களுக்கும் சேர்த்து." அவள் சிரிக்க முயன்றாள். பாதியில் நின்றுவிட்டது. "மகளுக்காகன்னா நீங்களா வாயைத் திறப்பீங்கன்னு நினைச்சுத்தான் காதைச் சரி பண்ணினேன்."

 எத்தனை ரயில்கள், எத்தனை பஸ்கள், எத்தனை உறவினர்கள் வீட்டில் இவள் காதைப் பற்றிப் பரிதாபப்பட்டார்கள் என்று பைலட்டுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஒரு கல்யாணத்துக்கு ரயில் தாமதமாகி, போய்ச் சேரும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "இவ காதால வந்த வினை" என்று இவர்தான் எல்லோரிடமும் சொன்னார். அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "நான் மட்டும் போயிட்டு வர்றேன். உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சுன்னு சொல்லிக்கறேன். முதுகுன்னா யாரும் தோண்டித் துருவிக் கேக்க மாட்டாங்க. அவளுக்கும் மனசு விட்டுப் போகாது."

இதை அவள் குத்தலாகச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அவளோ நிஜமாகவே சொன்னாள். தனியாக அந்த விமானத்தில் ஏறி, போய் இறங்கி, அங்கேயும் இவருக்காக ஒரு பொய்யைச் சுமக்கத் தயாராக இருந்தாள். பைலட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க முகமூடியும் அப்போது கையில் இல்லை.

"முதுகு நல்லாத்தான் இருக்கு" என்றார். "மச்சானை ரெண்டு டிக்கெட்டாவே போடச் சொல்லு."

அவள் ஈயக்குண்டுகளை மறுபடி பொட்டலமாக மடித்தாள். பிறகு லைட்னிங்கைக் காட்டி, "இதை இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டாள்.

"மூக்குல ஓட்டை போட்டு உள்ள திணிக்கலாம். பார்க்க நல்லா இருக்காது."

"அப்ப விடுங்க. உக்காந்திருந்தா உக்காந்திருக்கட்டும்."

பயணத்தன்று பைலட் எதையும் சாப்பிடவில்லை. விமானத்தின் வாசலில் கால் வைக்கும் முன் கதவோரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆணித் தலைகள் வரிசையாக, ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. அது கொஞ்சம் தெம்பாக இருந்தது. மச்சான் சொன்னபடியே செய்திருந்தான். இடம் முன்பக்கம், விமானியின் அறைக்குப் பக்கத்திலேயே. இவ்வளவு முன்னால் எதற்கு என்று பைலட் கேட்டதற்கு, ஜன்னலோர இருக்கையில் தன்னை மெல்ல இறக்கிக்கொண்டு, இடுப்புப் பட்டையை முடிந்த மட்டும் நீளமாக இழுத்தபடி பார்லர் அக்கா சொன்னாள்:

"நான்தான் கேட்டு வாங்கினேன். மூக்குல நான் உக்காந்தாச்சு. இனிமே இது எப்படி வாலைத் தரையில வைக்குதுன்னு பார்க்கறேன்."

பின் வரிசைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு பைலட் சிரித்துவிட்டார். நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது, சிரிப்பும் வந்துகொண்டே இருந்தது. விமானம் ஓடத் தொடங்கியபோது சிரிப்பு நின்றது. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"மூக்கு தூக்குது" என்றார்.

"இப்பத் தூக்கினாத்தான் மேல போகும். உங்களுக்குத் தெரியாததா? அது என்ன சத்தம்?"

"சக்கரம் உள்ள போகுது."

"இது?"

"சிறகுக்குப் பின்னாடி ஒரு பட்டை இருக்கும், அது உள்ள போகுது."

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் கண்ணைத் திறக்காமலே பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பெட்டி மேலே உருளுவதையும் பணிப்பெண் வண்டி தள்ளுவதையும்கூட அவள் கேட்டாள். விமானத்தில் எழும்பக்கூடிய சத்தம் எல்லாம் தீர்ந்துபோன பிறகு கண்ணைத் திறந்தார். வெளியே மேகம் இருந்தது. விமானம் நடுவில் பிளவதாகத் தெரியவில்லை.

இறங்கும் நேரம் வந்தது. விமானம் வளைந்து தாழ்ந்தபோது பைலட் மறுபடி அவள் கையைத் தேடினார். கை அங்கே இல்லை. பார்லர் அக்கா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னாச்சு?"

"காது வலிக்குதுங்க."

"விளையாடாத."

"நிஜமாத்தாங்க. உயிர் போகுது."

"எந்தக் காது?"

"ரெண்டும்."

பைலட் சட்டைப்பைக்குள் கை விட்டார். பழக்க தோஷம், பஞ்சுச் சுருள் அங்கேயேதான் இருந்தது. பிய்த்து உருட்டி ஒரு காதில் வைத்தார், மறு காதிலும் வைத்தார். "எச்சிலை முழுங்கு. இன்னொரு தடவை. கொட்டாவி விடற மாதிரி வாயைத் தொற, அந்தத் தாடையைக் கொஞ்சம் ஆட்டு" என்றார். வாயைத் திறக்கச் சொல்வது அவருக்குக் கைவந்த கலை. அவள் முகத்தைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தாடையை மெல்ல நீவிவிட்டுக்கொண்டிருந்தார். சுற்றி எல்லோரும் எழுந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்த பிறகுதான், சக்கரம் எப்போதோ தரையைத் தொட்டுவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

வெளியே மகள் நிறைவயிற்றோடு நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், பிறகு அவர் மடியை விட்டு இறக்காமல் சுமந்து வந்த அட்டைப் பெட்டியைப் பிடுங்கினாள். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து திறந்தாள். விமானியின் நாற்காலி காலியாக இருந்தது, ஒட்டியிருந்த மேல்கண்ணாடியும் அவளுக்காகக் கழற்றித் தனியாக வைக்கப்பட்டிருந்தது. முகம் வரையப்படாத விமானி தனியாக ஒரு காகிதத்தில் சுற்றப்பட்டிருந்தான். மகள் லைட்னிங்கைப் பெஞ்சின் மேல் நிறுத்தினாள். அது நிதானமாக மூக்கைத் தூக்கி வாலில் உட்கார்ந்தது.

"அப்பா, மூக்குல ஈயம் வைக்கலயா? நீங்களா மறந்தீங்க?"

"மறக்கலம்மா" என்றார் பைலட். "முன் சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு நின்ற பார்லர் அக்கா, இரண்டு காதிலும் பஞ்சோடு, "என்ன சொல்றார் உங்கப்பா?" என்று கேட்டாள்.